தேய்ந்த தகடும் தேயாத திமிரும்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் விருத்தாசலம், சிதம்பரம், கும்பகோணம், பண்ருட்டி என்று நாலாபக்கமும் பஸ் கிடைக்கும். ஊரில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஒரு பக்கம் வெள்ளாற்று அணைக்கட்டு, இன்னொரு பக்கம் வீராணம் ஏரிப் பாசனம், கொஞ்சம் தள்ளி நெய்வேலி சுரங்கம். கரும்பு டிரெய்லர், போர்வெல் மோட்டார், நெல் அறுக்கும் மெஷின் எல்லாம் ஓடுகிற ஊரில் எல்லாம் உடையவும் செய்யும். உடைந்ததைத் தூக்கிக்கொண்டு போக லேத் பட்டறை வேண்டும்.

அப்படி ஒரு பட்டறைக்குள் போய் லேத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். கியர் லீவர்களுக்குப் பக்கத்திலோ மேலேயோ பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒரு தகடு இருக்கும். அதில் ஒரு காலத்தில் கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. இப்போது அது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். இல்லையென்றால் மெஷினோடு சேர்த்துப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கும்.

தேய்த்தது யார்? பாதியைத் தேய்த்தது எண்ணெய்க் கையும் இரும்புத் தூளும். மீதியைத் தேய்த்தது பக்தி! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய் ஊற்றி எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, அந்த எண்கள் இருந்த இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டிக் கும்பிடுகிறார்கள். மெஷின் பேசுவதற்கு இருந்த ஒரே வாயை அடைத்துவிட்டு அதற்குப் பொட்டு வைக்கிற கூத்து இது.

தகடு தேய்ந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள் நிறைய. முழுகும். லேத்தில் தேய்ந்துபோன தகவல் தகட்டை மாற்றுவது அலங்கார வேலை இல்லை; அது பராமரிப்பு வேலை. பேரிங் போனால் மாற்றுகிறார்கள், பெல்ட் அறுந்தால் மாற்றுகிறார்கள். தகட்டையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் "எல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும்" என்று சொல்லுகிற பட்டறை, தன்னிடம் வேலை கற்க வந்த பையனை வேண்டுமென்றே குருடனாக வைத்திருக்கிறது.

தகட்டில் அப்படி என்னதான் இருந்தது?

லேத் பக்கமே போகாதவர்களுக்காக இந்தப் பகுதி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

சாதாரணமாக ஒரு லேத்தில் மூன்று விஷயங்களுக்குத் தகடு இருக்கும். முதலாவது, வேகம். எந்த லீவர் எந்தப் பக்கம் இருந்தால் சக் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது. இரண்டாவது, ஃபீட். ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு தூரம் நகரும் என்பது. மூன்றாவதுதான் பெரிய தகடு: மரை வெட்டுவதற்கான அட்டவணை. எந்த மரைக்கு எந்த லீவரை எந்த எழுத்தில், எந்த எண்ணில் வைக்க வேண்டும், இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே எத்தனை பல் கியரை மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இவை போக, எங்கே எண்ணெய் விட வேண்டும், ஓடும்போது எந்த லீவரைத் தொடக் கூடாது என்ற குறிப்புகளும் உண்டு.

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி 1800 வாக்கில் மரை வெட்டும் லேத்தை உருப்படியாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் எந்தத் தடிமனுக்கு எத்தனை மரை என்று ஒரு பொதுக் கணக்கை முன்வைத்தார். அதற்கு முன்பு ஒரு பட்டறையில் செய்த நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறுவது குதிரைக் கொம்பு. யார் மனசில் என்ன கணக்கோ அதுதான் மரை. அந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் கணக்கை ஆளின் தலையிலிருந்து எடுத்து, முதலில் காகிதத்திலும் பிறகு மெஷினின் மேலேயும் எழுதி வைத்தார்கள். தகடு தேய்ந்த பட்டறை 1841-க்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிப் போகிறது. என்ன, கரண்ட் பில் மட்டும் புதுசு.

ஒரு சின்ன உதாரணம். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை. அதே அரை அங்குலத்தில் அமெரிக்க முரட்டு மரை என்றால் 13. கண்ணால் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நட்டைப் போட்டுச் சுற்றினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "எண்ணெய் போட்டு ஸ்பானரில் முறுக்கு, ஏறும்" என்பார்கள். ஏறும்தான், மரையைத் தின்றுகொண்டு! அரவைக் காலத்தில் கரும்பு வண்டி நடுரோட்டில் நிற்கும்போது தெரியும், 12-க்கும் 13-க்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று. பட்டறைக்கு அது ஒரு போல்ட். விவசாயிக்கு அது வெட்டிப்போட்ட கரும்பு வெயிலில் காய்கிற நேரம்.

"எல்லாம் கைப்பழக்கம் தம்பி"

தகட்டை மாற்றாததற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம் இது. முப்பது வருஷம் அதே லேத்தில் நின்ற மேஸ்திரிக்குத் தகடு தேவையில்லை. பார்க்காமலேயே லீவரைத் தள்ளுவார், மரை சரியாக விழும். அந்த ஆளின் திறமையைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. சுருளின் நிறத்தைப் பார்த்து டூல் மழுங்கியதைச் சொல்வார். சத்தத்தைக் கேட்டே ஜாப் அதிர்வதைக் கண்டுபிடிப்பார். இதெல்லாம் எந்தத் தகட்டிலும் எழுத முடியாத வித்தை.

ஆனால் "பி-4இல் வைத்தால் அங்குலத்துக்கு 16 மரை" என்பது வித்தையா? அது ஒரு தகவல். மெஷினைச் செய்தவன் ஊருக்கே தெரியட்டும் என்று ஆணி அடித்து வைத்த தகவல். அதைத் தன் வித்தையோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்துக்கொள்வதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. பையன் ஒவ்வொரு மரைக்கும் போய், "அண்ணே, இதுக்கு எதுல வைக்கணும்?" என்று கேட்டு நிற்க வேண்டும். அண்ணன் டீ குடித்துவிட்டு வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். மூட் சரியில்லையென்றால் திட்டு. மூட் நன்றாக இருந்தால் அவரே வந்து லீவரைத் தள்ளிவிட்டுப் போவார், எதில் வைத்தார் என்பதை உடம்பால் மறைத்துக்கொண்டு. இரண்டு வருஷம் கழித்தும் பையன் கூட்டிப் பெருக்கி, ஜாப் கழற்றி, டீ வாங்கிக்கொண்டிருப்பான். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவான். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல" என்று ஒரு தத்துவம் மட்டும் பட்டறையில் மிஞ்சும்.

மேஸ்திரியின் பயமும் புரியாத விஷயம் இல்லை. தகடு வந்துவிட்டால் தன் கூலி குறையும், தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்ற பயம். வயதான காலத்தில் பென்ஷன் இல்லாத ஒரு தொழிலாளிக்குத் தன் தலைக்குள் இருக்கிற எண்தான் சேமிப்பு. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்வது தப்பு. ஆனால் அதற்கு மருந்து நல்ல சம்பளமும் மரியாதையும்தான். பையனின் வயிற்றில் அடித்து மேஸ்திரிக்குப் பாதுகாப்பு தேடித் தருகிற முதலாளி இருவரையும் ஏமாற்றுகிறார். மேஸ்திரி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் லேத்தும் சேர்ந்து படுக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் உணர்வார்.

"பழைய மெஷின், இதுக்குப் போய்..."

இது இரண்டாவது சமாதானம். பெங்களூரில் 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி., ஹரிஹரில் 1941-இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி., பஞ்சாபில் படாலாவிலிருந்தும் குஜராத்தில் ராஜ்கோட்டிலிருந்தும் வருகிற லேத்கள்... தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஓடுவதில் பெரும்பங்கு இவைதான். பல லேத்கள் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. அசல் புத்தகம் எப்போதோ கரையானுக்குப் போயிருக்கும். சில கம்பெனிகளே இன்று இல்லை. கடிதம் போட்டுக் கேட்கவும் ஆள் கிடையாது.

பழையது என்பதால் தகடு தேவையில்லை என்பது தலைகீழ் வாதம். புது மெஷினுக்குப் புத்தகம் உண்டு, விற்றவனுக்கு போன் போடலாம். பழைய மெஷினுக்குத் தகடுதான் புத்தகம், தகடுதான் கம்பெனி, தகடுதான் சர்வீஸ் இன்ஜினியர். லேத்தின் வார்ப்பு இரும்புப் படுக்கை நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வருஷம் தாண்டியும் உழைக்கும். அதன்மேல் இருக்கிற தகட்டுக்குப் பத்திருபது வருஷம்தான் ஆயுசு. அப்படியானால் ஒரு லேத்தின் வாழ்நாளில் இரண்டு முறையாவது தகடு மாற்றியாக வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

"இப்பத்தான் சி.என்.சி. வந்துடுச்சே" என்பதும் இதே கூட்டத்தின் வாதம். வந்துவிட்டது, சரி. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்கியது. ரோபோவும் சி.என்.சி.யும் கற்றுக்கொண்டு வருகிற பையன்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் தேய்ந்துபோன ஒரே ஒரு பம்ப் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிக்கு சி.என்.சி. புரோகிராம் எழுத யார் உட்காருவார்கள்? ஒற்றை ஜாப்புக்கு சாதா லேத்தான். அது இருக்கிறவரை அதன் தகடும் இருக்க வேண்டும்.

காப்பி அடித்தால் கதை கந்தல்

மூன்றாவது கூட்டம் கொஞ்சம் படித்த கூட்டம். "நெட்டுல படம் கிடைக்கும், பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டா முடிஞ்சது" என்பார்கள். இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. தேய்ந்த தகடு பேசாது. தப்பான தகடு பொய் பேசும்.

எப்படி? தகட்டில் 500 என்று இருக்கிற வேகம், கம்பெனி மாட்டிக்கொடுத்த மோட்டாருக்கு உரியது. நடுவில் மோட்டார் எரிந்துபோய், நிமிஷத்துக்கு 960 சுற்று மோட்டாருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த 1440 மோட்டாரை மாட்டியிருந்தால்? புல்லி மாறாதவரை எல்லா வேகமும் ஒன்றரை மடங்கு. தகடு 500 என்று சொல்லும், சக் 750-இல் சுற்றும். சுற்றுகிற பொருளை வெளியே வீசப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பிளஸ் ஒன் பாடம். ஒன்றரை மடங்கு வேகம் என்றால் இரண்டேகால் மடங்கு விசை. வார்ப்பு இரும்பு சக்கின் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க யாரும் முன்வர வேண்டாம்.

மரையிலும் இதே கதை. லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 6.35 மி.மீ. அதில் 1.5 மி.மீ. மெட்ரிக் மரை வெட்ட வேண்டுமானால் விகிதம் 30-க்கு 127. அந்த 127 சும்மா வந்ததில்லை. ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதாவது 127-ஐ 5-ஆல் வகுத்தது. இந்தியா 1956-இல் மெட்ரிக் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அங்குல லீட் ஸ்க்ரூ போட்ட லேத்கள் சட்டத்தைப் படித்துவிட்டுத் தம் மரையை மாற்றிக்கொள்ளவில்லை! அவற்றுக்குப் பாலம் அந்த 127 பல் கியர்தான்.

இப்போது அந்த 127 கியர் தொலைந்துபோய், உருவத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற 120 பல் கியரை யாரோ மாட்டியிருக்கிறார்கள். 6.35-ஐ 30-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 1.5875. அது மெட்ரிக் மரையே இல்லை. அங்குலத்துக்குச் சரியாக 16 மரை. புத்தம் புதிதாகப் பளபளக்கும் தகடு 1.5 என்று சத்தியம் செய்யும், மெஷின் 16 மரை வெட்டும். பையன் தகட்டை நம்பியதற்காகத் திட்டு வாங்குவான்.

ஆகவே புதுத் தகடு எழுதுவதற்கு முன்னால் மெஷினைக் கேட்க வேண்டும். கேட்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சக்கைக் கையால் சுற்றும்படி தலைப்பக்க கியரை நியூட்ரலில் வைத்து, ஹாஃப் நட்டை மாட்டி, முதலில் ஒன்றிரண்டு சுற்று சுற்றி கியர்களின் தளர்வை எடுத்துவிட வேண்டும். பிறகு சக்கில் சாக்பீஸால் ஒரு கோடு. அதே திசையில் சரியாகப் பத்துச் சுற்று. கேரேஜ் எவ்வளவு நகர்ந்தது என்று வெர்னியரில் பார்த்தால் 15 மி.மீ. வந்தால் 1.5 மரை. 15.875 வந்தால் யாரோ 120-ஐ மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு லீவர் நிலைக்கும் இதைச் செய்து, உள்ளே மாட்டியிருக்கிற கியர்களின் பல்லையும் எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தால் அட்டவணை தயார். வேகத்துக்குச் சக்கைத் தொடாமலே அளக்கும் டாக்கோமீட்டர் போதும். ஒரு பட்டறைக்குச் சொந்தமாக வாங்க மனசில்லையென்றால் தெருவுக்கு ஒன்று வாங்கிக் கைமாற்றாக வைத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதையும் பையனை வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு வருஷத்தில் கற்காததை அன்று ஒருநாளில் கற்பான்.

விருத்தாசலம் சொல்லும் பாடம்

தகட்டை எதில் செய்வது? லேமினேஷன் போட்ட பேப்பரை ஒட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு மாதத்தில் கூலன்ட் உள்ளே புகுந்து உப்பி, எண் எல்லாம் நீச்சல் அடிக்கும். ஸ்டிக்கர் அதற்கு அண்ணன்.

இதற்குப் பதில் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிற ஊர். அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மெருகுக்கு மேலே பூசிய வண்ணம் தேய்க்கத் தேய்க்கப் போகும், மெருகுக்கு அடியில் வைத்துச் சுட்ட வண்ணம் கோப்பை உடையும்வரை இருக்கும். லேத் தகட்டுக்கும் அதே சட்டம்தான். மேலே அச்சடித்த எழுத்து எமரித் தாளுக்குப் பலி. பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஆழமாகக் குடைந்து, குழிக்குள் கறுப்பு மை நிரப்பிய எழுத்து தாக்குப்பிடிக்கும். மை போனாலும் குழி இருக்கும்; விரலால் தடவியாவது படிக்கலாம். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கில் பேர் வெட்டுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. லேசரில் தகடு வெட்டுகிற கடையும் பக்கத்து டவுனில் கிடைக்கும். அண்டாவில் மாமன் பேர் வெட்டக் காசு இருக்கிறது, சோறு போடுகிற மெஷினில் மரை அளவு வெட்டக் காசு இல்லை என்பதை யார் நம்புவது?

இன்னொன்று, பழைய தகட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுப் பேரிச்சம்பழம் வாங்கிவிடக் கூடாது. கம்பெனி பேரும் மெஷின் நம்பரும் இருக்கிற தகட்டை அப்படியே விட வேண்டும். ஸ்பேர் தேடும்போது அந்த நம்பர்தான் வழிகாட்டும். புதிதாக வைக்கிற தகட்டில் கம்பெனி பேரைப் போட்டு அசல் மாதிரி வேஷம் கட்டவும் கூடாது. இன்ன தேதியில், இன்ன மோட்டார் இருக்கும்போது அளந்தது என்று ஒரு வரி கீழே இருக்கட்டும். நாளைக்கு மோட்டார் மாறினால் தகடு செல்லாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் எழுதினால் மரை ஏறாதா?

புதிதாகவே எழுதப் போகிறோம் என்கிறபோது ஒரு கேள்வி வருகிறது. எந்த மொழியில்? பழைய தகடுகள் எல்லாம் இங்கிலீஷ். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் ஜெர்மனோ ரஷ்யனோ இருக்கும். அது செய்தவனின் மொழி, அவனுக்குச் சரி. சேத்தியாத்தோப்பில் செய்கிற தகட்டுக்கு என்ன கேடு? "வலது மரை", "இடது மரை", "ஓடும்போது மாற்றாதே", "தினமும் எண்ணெய்" என்று எழுதினால் எட்டாவது ஃபெயிலான பையனுக்கும் புரியும். சக், ஃபீட் போன்ற பட்டறைச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தனித்தமிழ் அகராதியைத் தேடி ஓட வேண்டாம். வாசலில் "லேத் ஒர்க்ஸ்" என்று ஆளுயரத்துக்குத் தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே உயிர் காக்கும் இரண்டு வார்த்தையைத் தமிழில் எழுத மட்டும் கை நடுங்குவது விசித்திரம்.

சட்டம் பாதி வழியில் நின்றது

சட்டத்துக்கு இந்த விஷயம் தெரியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சாணை பிடிக்கும் ஒவ்வொரு மெஷினிலும் அல்லது அதன் பக்கத்திலும் அந்தக் கல்லின் அதிகபட்சப் பாதுகாப்பான வேகம், தண்டின் வேகம், புல்லியின் விட்டம் எல்லாவற்றையும் எழுதி நிரந்தரமாக வைக்கச் சொன்னது. சுற்றுகிற பொருளுக்குப் பக்கத்தில் அதன் வேகம் எழுதியிருக்க வேண்டும் என்ற ஞானம் அந்தக் காலத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு கேட்டது சாணைக்கு மட்டும். பக்கத்திலேயே இருபது கிலோ ஜாப்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற லேத்துக்கு அப்படி ஒரு பலகையைக் கேட்கவில்லை. தவிர, கரண்டில் ஓடுகிற இடமானால் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் பொதுவாக அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. ரோட்டோரத்தில் இரண்டு பேர், ஒரு பையன் என்று ஓடுகிற பட்டறை அந்த வளையத்துக்குள் வரவே வராது.

அதனால் ஆபீசர் வந்து கேட்கட்டும், அப்போது மாற்றலாம் என்று காத்திருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். யாரும் வரப் போவதில்லை. அளக்க வேண்டியது பட்டறைக்காரர்களே. பக்கத்தில் இருக்கிற ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டர்னர் டிரேடில் இரண்டு வருஷம் மாற்று கியர் கணக்கைப் போர்டில் போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். அந்தக் கணக்கை ரோட்டோரப் பட்டறையில் ஒரு நிஜ லேத்துக்குப் போட்டுக் கொடுத்து, அளந்து, தகடு எழுதித் தந்தால் அதைவிட நல்ல புராஜெக்ட் எது? காசு கொடுத்து வாங்கிப் பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் பரணுக்குப் போகிற புராஜெக்ட்டுகளைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

"தகடு இருந்தா பசங்க கணக்கே கத்துக்க மாட்டானுங்க"

கடைசி வாதம், கொஞ்சம் நியாயம் போலத் தெரிகிற வாதம். தகட்டைப் பார்த்து லீவரைத் தள்ளுகிறவனுக்கு ஏன் அப்படி என்று தெரியாமல் போய்விடும் என்கிறார்கள். சரி, இப்போது தகடு இல்லாத பட்டறையில் பையன் உட்கார்ந்து 30-க்கு 127 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறானா? இல்லையே! அண்ணன் தள்ளிய லீவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். கணக்கும் இல்லை, தகடும் இல்லை.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததால் யாரும் பெருக்கலை மறந்துவிடவில்லை. அட்டவணை கண்முன்னால் இருந்தால்தான் எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் லீவர் ஏன் ஒரு படி தாவுகிறது என்ற கேள்வியே வரும். கேள்வி வந்தவன் கதவைத் திறந்து கியர் பல்லை எண்ணுவான். எண்ணியவன் ஒருநாள் அட்டவணையில் இல்லாத மரையையும் வெட்டுவான். வழவழத் தகட்டைப் பார்ப்பவனுக்கு அதில் தன் மூஞ்சி மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எமரித் தாளைத் தூக்கித் தூரப் போடட்டும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் பையனும் சேர்ந்து லேத்தை அளக்கட்டும். அளந்த எண்களைத் தமிழில் வெட்டி, நாலு மூலையிலும் ஆணி அடித்து, மெஷினில் மாட்டட்டும். கீழே ஓரத்தில் அளந்த இருவர் பேரும் தேதியும் இருக்கட்டும். மேஸ்திரி பேர் முதலில். முப்பது வருஷம் நின்று உழைத்தவருக்குப் பட்டறை செய்கிற மரியாதையாக அது இருக்கும். பிறகு சந்தனம், குங்குமம் எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

எண்ணுக்கு மேலே மட்டும் வேண்டாம்.